பார்க் வாசல்வரை ரயில்

அருளு,

நீ மிளகுக் காட்டுக்கு வேலைக்குப் போனதும் காரை ரிவர்ஸ் எடுத்து, நம் வாசல் பலாமரத்தில் இடித்துவிட்டேன். மலை வளைவில் அடிக்கிற மாதிரி நீளமாக ஹாரன் அடித்தேன். மரம்தான் ஒதுங்கவில்லை. உடைந்த பின்விளக்குக்குப் பதில் வாங்க பஸ்ஸில் செம்மேடு போகிறேன்.

மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து மூடியிருக்கிறேன். உப்புப் போட்ட ஞாபகம் இல்லை. மிளகு வாங்க நாசர் பாய் வந்தால் உட்கார வை.

மகள் இன்று சாயங்காலம் டிக்கெட் போடுகிறாள். “வெளிநாட்டுத் தீம் பார்க்னா வாரேன், ஆனா நீங்க அங்க கார் ஓட்டக் கூடாதுங்க” என்றது நீதான். சிங்கப்பூர், ஹாங்காங் இரண்டிலும் பார்க் வாசல்வரை ரயில் போகிறதாம். எது என்று கேட்கும்போதெல்லாம் “பாக்கலாமுங்க” என்கிறாய். நம் மலையில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம். வேண்டாதது ஊரா, என் டிரைவிங்கா, நானேயா? ஒன்றைச் சொல் அம்மிணி.

இன்னொன்று: ராட்டினத்தில் நான் அலறினால், யாரோ என்று நீ தள்ளி நின்றுகொள்ளலாம்.

– தனபால்

மத்தியானம் அவர் திரும்பியபோது அவர் எழுதிவைத்த கடிதத்தின் கீழே அருள்மொழியின் கையெழுத்து இருந்தது:

சிங்கப்பூருக்கே போடச் சொல்லிட்டனுங்க. நீங்க ஓட்டறதுல எனக்குப் பயமில்லீங்க. ஸ்டீரிங்கப் புடிச்சா நீங்க வாயே தொறக்கறதில்ல. ரயில்லன்னா பக்கத்துல உக்காந்து பேசிட்டே வருவீங்கல்ல, அதுக்குத்தானுங்க.