அந்த அரை கிலோ

மார்ச் 4
எடை மெஷினைத் தூக்கிப் போடச் சொல்கிறார் மாமியார். "என் மகன் போயி ரெண்டு மாசமாச்சு, நீ இன்னும் அதுமேலயே நிக்கிறே."
போட மாட்டேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், ஐம்பத்தெட்டரை. தனியாக ஏறினேன், ஐம்பத்திரண்டு. கழித்தால் ஆறரை. போன வாரம் கிளினிக்கில் ஏழு கிலோ என்றார்களே. அரை கிலோ எங்கே போச்சு?

மார்ச் 5
இன்று ஆறு.
அவருக்கும் இப்படித்தான். எழுபது, அறுபத்தைந்து, கடைசியில் நாற்பத்தெட்டு. பாப்பா பால் குடிக்கிறாளே, சிரிக்கிறாளே. அவரும் சிரிச்சாரே.

மார்ச் 6
ஏழு. உடனே மறுபடி ஏறினேன், ஆறரை. "வெங்காயத்தைக்கூட இத்தனை தடவை நிறுக்க மாட்டாங்க" என்கிறார் மாமியார்.

மார்ச் 9
மனசு கேட்கவில்லை, கிளினிக்குக்குப் போனேன். ஏழு கிலோ நாற்பது கிராம்.
நர்ஸிடம் எல்லாம் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏழுக்கும் ஆறரைக்கும் நடுவில் ஆறே முக்கால். அதில் அரை கிலோ என்றால் நூற்றுக்கு ஏழுக்கு மேல் வித்தியாசம்.
"பயப்பட வேண்டியதுதான்க்கா, உங்க மெஷினை நம்பலாம்னா. அந்த முள்ளு அரை கிலோ முன்ன பின்ன ஆடும். நீங்க ரெண்டு தடவை ஏறிக் கழிக்கிறீங்க. ரெண்டு தப்பும் சில நேரம் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிடும். சேர்ந்துக்கிட்டா ஒரு கிலோ. உங்க எடையில அரை கிலோ நூத்துக்கு ஒண்ணுகூட இல்ல. இவ எடையில ஒரு கிலோ நூத்துக்குப் பதினாலுக்கு மேல. எங்க தராசு பத்து கிராமுக்கு மேல தப்பாது. இதுலயே மாசாமாசம் பாருங்க."

மார்ச் 12
ஏறக்கூடாது என்று இருந்தேன். ஏறினேன், பாப்பா இல்லாமல்.
கடைசி வாரம் அவர் நாற்பத்தெட்டிலிருந்து அரை கிலோ ஏறி நாற்பத்தெட்டரை காட்டினார். "பாத்தியா, இனிமே உன்னால என்னைத் தூக்க முடியாது." அன்னிக்கு ஜன்னலைத் திறந்துவச்சு சத்தமாப் பாட்டு கேட்டோம். அதுவும் முள்ளோட ஆட்டம்தானா? — தூக்கம் வரல.

ஏப்ரல் 6
கிளினிக்கில் அதே தராசு. ஏழு கிலோ முந்நூற்றுப் பத்து.
வரும் வழியில் நர்ஸ் சொன்னதை மாமியாரிடம் விளக்கினேன். பாப்பாவை இடுப்பு மாற்றிக்கொண்டு கேட்டார்: "அப்போ கடைசி வாரம் என் புள்ள அரை கிலோ ஏறினானே, அது?"
"ஏறியும் இருக்கலாம் அத்தை" என்றேன். மீதிப் பாதியைச் சொல்லவில்லை.
இப்போது பாப்பா அந்த மெஷின்மேல் உட்கார்ந்து முள்ளைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு காட்டுகிறது என்று நான் பார்க்கவில்லை.