முதல் பதிவில் யார் பெயர்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலம்தானே? குழு மடலில் நாம் போடும் சண்டையை ஊரே படிக்கிறது. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன். அங்கே நீ திட்டத் தலைவி, நான் பத்தோடு பதினொன்று. இங்கே உன் தங்கை, கொஞ்சம் வாய் நீளலாம்.

பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் நம் திரைவாசிப்பானின் நிரலும், யார் எப்போது எதை ஏன் மாற்றினார்கள் என்று பதிவு பதிவாகச் சேர்ந்த வரலாறும் உன் வீட்டுச் செருப்பு அலமாரிக்குக் கீழே ஒரே சர்வரில் கிடக்கின்றன. எங்கள் கையில் இருப்பது கடைசி வடிவம் மட்டும்தான். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால்கூட நீ பார்த்துச் சம்மதித்தால்தான் அது உள்ளே போகும். உன் வீட்டில் மின்சாரம் போனால் எங்களுக்கெல்லாம் விடுமுறை. நம் குழுவில் மாடாய் உழைக்கும் தாடி போன வாரம் கேட்டான்: "உங்க அக்கா தும்மினா நாங்கெல்லாம் படுத்துக்கணுமா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரவல் முறைக்குப் போய்விடலாம். வரலாறு முழுவதும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். உன் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுவதாக மாமா சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

சின்னவள்

பிப்ரவரி 16

என் வாலுக்கு,

டிஸ்க் சத்தம் போடுகிறது, நீயும்தான் போடுகிறாய். இரண்டையும் பல வருடமாகச் சமாளித்து வருகிறேன். மாற்றுப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், கவலைப்படாதே.

புதிய கருவி என்பதால் மறுக்கவில்லை. ஆளுக்கொரு முழுப் பிரதி கிடைத்தால், கோபம் வந்தவர்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்த் தனிக்கடை போடலாம். என் கணவருக்குப் பார்வை போன பிறகு ஒரு கடிதத்தைப் படிக்க அடுத்தவரைத் தேடக்கூடாதே என்று நான் தொடங்கியது இது. அப்போது தாடிக்குத் தாடியே முளைத்திருக்காது. தப்பான ஒரு மாற்றம் உள்ளே போனால் உன் மாமாவைப் போன்றவர்களின் கணினி ஊமையாகிவிடும். அதனால்தான் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உண்மையைச் சொல். உனக்குப் பிரதிதான் வேண்டுமா, என்னிடமிருந்து விலகிப் போக ஒரு வழி வேண்டுமா?

அக்கா

மார்ச் 2

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சர்வர் போய்விட்டதென்று மாமாதான் சொன்னார். மாற்றுப் பிரதியும் அதே டிஸ்கில்தான் இருந்ததாமே! வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நீ தோலை உரித்திருப்பாய்.

திட்டுவதானால் திட்டிக்கொள். இரண்டு வருடமாக உனக்குத் தெரியாமல் உன் சர்வரிலிருந்து வரலாற்றை இழுத்து, பரவல் முறையில் என்னிடம் ஒரு பிரதி வைத்திருந்தேன். விலகிப் போவதற்காக இல்லை, மின்சாரம் இல்லாத நாளிலும் வேலை ஓட வேண்டுமே என்றுதான். நேற்று அதை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஏற்றிவிட்டேன். தாடியும் மற்றவர்களும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இந்த மாத வெளியீடு தப்பித்தது. கேட்காமல் செய்தது தப்புதான். நீ போனை எடுத்திருந்தால் கேட்டிருப்பேன்.

ஒரு வரியாவது எழுது.

சின்னவள்

மார்ச் 5

சின்னவளுக்கு,

உன் பிரதியை இறக்கினேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முதல் பதிவைத் திற, அன்னைக்கு நீ என்ன எழுதினேன்னு கேக்கணும்" என்றார். திறந்தேன். நம் நிரல்தான் வாசித்தது. 'எல்லாக் கோப்புகளும் சேர்க்கப்பட்டன' என்றது. சேர்த்தவர் என்று உன் பெயரைச் சொன்னது.

"அப்ப இது நீ எழுதினது இல்லையா?" என்றார். அடுத்தடுத்த பதிவுகளைத் திறந்துகொண்டே போனேன்.

நீ சேர்ந்த பிறகு நான் செய்தவை இருக்கின்றன. அதற்கு முன் தனியாக எழுதிய வருடங்கள் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் ஏன் செய்தேன் என்று ஒரு வரி எழுதுவேன். 'இன்று வங்கிக் கடிதத்தை அவரே படித்தார்' என்றுகூட ஒன்று இருந்தது. அவை இனி எங்கும் கிடையாது. பெற்றவள் நான், பிறந்த பதிவில் உன் பெயர்.

நீ போய்விடுவாய் என்றுதான் பயந்தேன். என்னை அழித்துவிட்டுப் போவாய் என்று நினைக்கவே இல்லை.

அக்கா

மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். முழு வரலாறும் இறங்க நாள்கணக்காகும் என்று, நான் சேர்ந்த நாளிலிருந்து மட்டும் எடுத்தேன். அதற்கு முந்தையதையெல்லாம் கருவி ஒரே மூட்டையாகக் கட்டி, அன்று வேலை செய்தவரின் பெயரை ஒட்டிவிட்டது. அன்று வேலை செய்தது நான். அது சோம்பல்தான் அக்கா, சூது இல்லை.

போன வரிகளை என்னால் மீட்க முடியாது. பெயரை மாற்றிவிட்டேன். முதல் பதிவில் இப்போது நீ இருக்கிறாய். ஆனால் இந்த முறையில் ஒவ்வொரு பதிவும் முந்தையதன் முத்திரையைச் சுமப்பதால், அடியில் ஒன்றைத் தொட்டால் மேலே உள்ள பதிவுகள் அத்தனையும் வேறாகிவிடும். எல்லோரும் தங்கள் பிரதியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் தாடி கொதித்துவிட்டான். "ஒரு பேருக்காக எல்லாரும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா? உங்க குடும்பச் சண்டைய வீட்டோட வச்சுக்குங்க" என்றான். அவர்கள் பழைய பிரதியிலேயே இருந்துவிட்டார்கள். கட்டாயப்படுத்த இனி யாராலும் முடியாது. அதற்காகத்தானே நான் வாதாடினேன்!

உன் பெயரில் தொடங்கும் பிரதியில் நான் மட்டும் இருக்கிறேன். அவர்களிடம் திரும்பிப் போகமாட்டேன். எத்தனை மாதம் ஆனாலும் நாம் இருவருமே வெளியிடுவோம். வந்துவிடு.

சின்னவள்

மார்ச் 12

என் வாலுக்கு,

மாமாவுக்கு மறுபடி வாசிக்க வைத்தேன். என் பெயர் வந்ததும் கை தட்டினார். எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். கோபம் முழுவதும் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். போன வரிகள் போனதுதான்.

ஆனால் இப்போதைய வடிவம் தசமப் புள்ளியை விழுங்குகிறது. நேற்று மாமாவின் மருந்துச் சீட்டில் '.5 மில்லி' என்றிருந்ததை ஐந்து மில்லி என்று வாசித்தது. நான் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தோம். தனியாக இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? நாம் இருவர் மாதக்கணக்கில் முக்கிக்கொண்டிருக்க முடியாது. நீ தாடியிடமே திரும்பிப் போ.

திருத்தத்தை எழுதி இன்று காலை அவர்கள் பிரதிக்கு அனுப்பிவிட்டேன். அதற்காக அங்கே ஒரு கணக்கும் தொடங்கினேன். உடனே பதில் வந்தது: "நல்வரவு! இந்தத் திட்டத்துக்கு உங்கள் முதல் பங்களிப்புக்கு நன்றி. திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றையும் சேர்த்து அனுப்பவும்." புதுக் கணக்குகளுக்கு இயந்திரமே அனுப்பும் பதிலாம். சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். மாமாவிடம் சொல்லவில்லை.

சோதனையையும் எழுதி அனுப்பிவிட்டேன். அங்கே அனுமதிக்கும் உரிமை உனக்கு இன்னும் இருக்கிறது. நீ பார்த்து, சரியாக இருந்தால் உள்ளே விடு.

உன் அக்கா