ஒரே அறையில் மூன்று தலைவலி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், என் கணுக்கால் வீக்கம் வடிந்து திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். என்னடா அப்பா கடிதம் எழுதுகிறாரே, போனுக்கு என்ன ஆச்சு என்று பயந்துவிடாதே. போனில் நான் என்ன பேசுவேன் என்று உனக்கே தெரியும், சாப்பிட்டியா என்று கேட்பேன், நீ சாப்பிட்டேன் என்பாய், உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். சொல்லவேண்டியது நிறைய இருக்கும்போது அந்த வழக்கம் உதவாது. அண்ணன் போன வாரம் வந்து சமையலறைக் குழாயை மாற்றிக் கொடுத்தான், இப்போது முன்பைவிட அதிகமாகச் சொட்டுகிறது, அவனிடம் சொல்லிவிடாதே, நான் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறேன். அத்தை கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது எங்கள் வீட்டு மூலையில் இருக்கிற ஒட்டடையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கீழே அம்மா வேலை பார்க்கிற தையல்கூடத்தில் நடந்ததை அவள் உன்னிடம் 'ஒரு சின்ன கலாட்டா, இப்ப எல்லாரும் நல்லா இருக்காங்க' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டாளாம். சின்னதும் இல்லை, வெறும் கலாட்டாவும் இல்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, விடிந்ததிலிருந்து மழை, பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மறுநாள் பள்ளிச் சீருடைச் சட்டை நானூறு அனுப்பியாக வேண்டும் என்று முதலாளி தவித்துக்கொண்டிருந்தார். எப்போதும் பின்பக்கச் சந்தில் நிற்கிற ஜெனரேட்டர் நனைகிறதே என்று அவரும் கட்டிங் மாஸ்டரும் சேர்ந்து அதைத் தூக்கி வந்து, துணிக்கட்டு அடுக்கிவைத்திருக்கிற உள்ரூமில் வைத்து ஓடவிட்டார்கள். துணியில் சாரல் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினார்கள், முன்பக்க ஷட்டரையும் முக்கால்வாசி இறக்கினார்கள். முதலாளி பட்டன் வாங்கக் கடைக்குப் போய்விட்டார். லைட் எரிந்தது, மிஷின் ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா வழக்கம்போல ஷட்டர் ஓரத்து மேசையில் நூல் வெட்டிச் சட்டை சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி வாக்கில் கட்டிங் மாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டு எரிந்து விழ ஆரம்பித்தாராம். அயர்ன் பண்ணுகிற பெண் தலை வலித்துச் சுற்றுகிறது என்று போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள், காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். காஜா அக்காவை உனக்கு நினைவிருக்கும், பட்டன் துளைக்கு ஓரம் தைக்கிறவர், ஒரு காது கேட்காது, இருபது வருடத்தில் வேலை நேரத்தில் கொட்டாவிகூட விட்டதில்லை. அவர் தலை வலிக்கிறது என்று மிஷின் மேலேயே சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். வயசாச்சு, கொஞ்சம் தூங்கட்டும் என்று யாரோ சொல்ல, இன்னொருத்தி தைலம் எடுத்து வந்தாள். தைல பாட்டில் ஒவ்வொரு மிஷினாகக் கைமாறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் சுருக்கென்றது. ஒரே அறையில் மூன்று தலைவலி. உன் குரல் அப்படியே காதில் கேட்டது என்கிறாள். 'ஒரே அறையில் இருக்கிற பல பேருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால், தலையைச் சந்தேகப்படாதீர்கள், காற்றைச் சந்தேகப்படுங்கள்' என்று நீ ரேடியோவில் சொன்னாயாமே, அதுதான்.

அம்மா எழுந்து மிஷினெல்லாம் நிறுத்துங்க, எல்லாரும் வெளிய வாங்க என்று கத்தியிருக்கிறாள். கட்டிங் மாஸ்டர் சும்மா இருப்பாரா, 'நாளைக்கு டெலிவரியை வச்சுக்கிட்டு என்னம்மா விளையாட்டு, புகை வாசனையே இல்லையே, நீ என்ன இன்ஜினியரா' என்று கேட்டிருக்கிறார். 'வாசனை வராதுன்னுதான் என் பொண்ணு சொன்னா, வாசனை வந்தா நீங்களே ஓடியிருப்பீங்களே' என்று சொல்லிக்கொண்டே அவள் ஷட்டரை மேலே தள்ளினாள். முழங்கால் வலி என்று மாடிப்படி ஏற என் தோளைப் பிடிக்கிறவள், தனியாளாக ஷட்டரைத் தள்ளினாள் என்று நினைத்துப் பார். பெண்கள் ஒவ்வொருவராக மழையில் வந்து நின்றார்கள். காஜா அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை, தட்டினாலும் அசையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மாஸ்டருக்கு முகம் வெளுத்தது. அவரும் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், நாற்காலியோடு அந்த அக்காவைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள்.

சத்தம் கேட்டு நான் நொண்டிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு, முப்பது வருட லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, நேராக ஜெனரேட்டரை நிறுத்தப் போனேன். அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டாள், மேல் பட்டன் தெறித்துவிட்டது. 'அது ஓடித் தொலையட்டும், காப்பாத்தப் போறவந்தான் அடுத்து விழுவான்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கா' என்றாள். நீ மட்டும் போனாயே என்றதற்கு, மூச்சை அடக்கி எண்ணிக்கொண்டு போய் எண்ணிக்கொண்டு வந்தேன், உங்களுக்கு இருக்கிற காலுக்கு அது ஆகாது என்றாள். அந்த நேரத்திலும் பதில் தயாராக இருந்தது பார். பிறகு தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு போய் நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸில் மூன்று பேரை நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். காஜா அக்கா மறுநாள் காலையில்தான் தெளிவாகப் பேசினார், முதல் வார்த்தையே, நானூறு சட்டையும் போய்ச் சேர்ந்ததா என்பதுதான். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் அவரை மட்டும் அல்ல, பாதிப் பேரை எழுப்பியிருக்க முடியாது என்று அவசரப் பிரிவு டாக்டர் என்னிடம் சொன்னார். அந்தப் பாதிப் பேரில் உன் அம்மாவும் இருந்திருக்கலாம். அதை நினைக்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன்.

இதற்குமேல் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். எங்கள் தெருவில் மட்டும் பதின்மூன்று தையல்கூடம் இருக்கிறது, அதில் பாதிப் பேர் மழை வந்தால் ஜெனரேட்டரை உள்ளேதான் வைக்கிறார்களாம். முதலாளி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டி, நீங்களே இவர்களுக்குச் சொல்லுங்கள் என்று நிறுத்திவிட்டார். அஞ்சாவது வரைக்கும் படித்தவள், நாற்பது பேருக்கு முன்னால். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ரேடியோவில் ரத்தத்தைப் பஸ் என்றும், ஆக்சிஜனை ஏறி இறங்குகிற பயணி என்றும் சொன்னாயாம். அம்மா பஸ்ஸை விட்டுவிட்டாள். ஒரு சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'நம்ம ரத்தத்துல காஜா இருக்குன்னு வச்சுக்குங்க, நல்ல காத்து பட்டன் மாதிரி, நுரையீரல்ல மாட்டிக்கும், உடம்புக்குள்ள போய்க் கழண்டுக்கும், அது நல்ல பட்டன். இந்த இன்ஜின் காத்து இருக்கே, அது ஓடிவந்து முதல்ல மாட்டிக்கும், லேசுல கழலாது. காஜா எல்லாம் அடைஞ்சு போச்சுன்னா நல்ல பட்டன் எங்க போய் மாட்டும், சொல்லுங்க' என்று கேட்டாள். அதுவரை கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த ஆள்கூட நிமிர்ந்து தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். இப்போது பதின்மூன்று ஜெனரேட்டரும் வாசல், ஜன்னலை விட்டு இருபது அடி தள்ளித் தனித் தகரக் கொட்டகைக்குப் போய்விட்டன. கட்டிங் மாஸ்டர் அம்மாவை இப்போது டீச்சரம்மா என்று கூப்பிடுகிறார், அவள் வேண்டாம் என்று சொல்கிறாளே தவிர, கேட்கும்போது தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறாள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ ஆராய்ச்சிக்கூடத்தை விட்டுவிட்டு ரேடியோவில் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறேன் என்றபோது, இதுக்கா இவ்வளவு படிச்சே, சோப்பு ஏன் நுரைக்குதுன்னு சொல்றதுக்கா என்று நான் கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு மூன்று வருடமாக உன் நிகழ்ச்சியை ஒரு முறைகூட நான் கேட்டதில்லை, ஆஸ்பத்திரியில் யாராவது, உங்கள் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால் ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்றே சொல்லிவந்தேன். அம்மாதான் புதன்கிழமை தோறும் சாப்பாட்டு வேளையில் போனை நடுமேசையில் வைத்து, அத்தனை பெண்களையும் கூட்டிவைத்துக் கேட்டிருக்கிறாள். நான் கேட்டிருந்தால் அன்றைக்கு அவள் என் சட்டையைப் பிடிக்க வேண்டியிருந்திருக்காது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து உன் நிகழ்ச்சியைத் தேடினேன். லிஃப்ட் கிளம்பும்போது ஏன் உடம்பு கனக்கிறது என்று ஒன்று இருந்தது. நம் தொழிலாயிற்றே, தப்பாகச் சொன்னால் பிடித்துவிடலாம் என்றுதான் அதைப் போட்டேன். அதில் நீ என்னைப் பற்றிச் சொல்லுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு எட்டு வயதில் நான் வார்டிலிருந்து எடைமிஷினை எடுத்துவந்து லிஃப்டுக்குள் வைத்து உன்னை அதன்மேல் நிற்கவைத்தேனாம், மேலே கிளம்பும்போது முள் ஏறியது, மாடி வந்து நிற்கப்போகும்போது இறங்கியது, ஏன்ப்பா என்று நீ கேட்டதற்கு நான், 'எனக்குக் காரணம் சொல்லத் தெரியலை பாப்பா, ஆனா முள்ளு நகருது பாத்தியா, அப்ப ஏதோ இருக்கு' என்றேனாம். 'அந்தத் தெரியலைதான் என்னைப் படிக்கவைத்தது' என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. மூன்று தடவை கேட்டேன். கீழே யாரோ லிஃப்டுக்கு மணியடித்துக்கொண்டே இருந்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த அவசரப் பிரிவு டாக்டர் லிஃப்டில் வந்தார். அந்தக் கூடத்தில் விவரம் தெரிந்தவர் யார் என்று கேட்டார். என் மனைவி, அவளுக்குச் சொன்னது என் பெண் என்றேன். பெண்ணும் டாக்டரா என்றார். 'இல்லைங்க, அவ ரேடியோவுல ஜனங்க கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றா, அதுதான் அவ வேலை' என்றேன். அவர் இறங்கவேண்டிய மாடி வந்தும் இறங்காமல் நிகழ்ச்சியின் பெயரை எழுதிக்கொண்டு போனார். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் உன்னை அப்படிக் கேட்டது தப்பு, கண்ணு. உன்னிடம் நேரில் சொல்லவேண்டியதை இப்படித் தாளில் சொல்கிறேன், ஏற்றுக்கொள்.

தையல்கூடத்துப் பெண்கள் கேள்வி கொடுத்திருக்கிறார்கள், மறக்காமல் பதில் சொல்லு. ஆண் சட்டைக்குப் பட்டன் வலப்பக்கமும் பெண் சட்டைக்கு இடப்பக்கமும் வந்தது எப்போது, யார் முடிவு பண்ணினது என்று மாஸ்டர் கேட்கிறார். வாரத்துக்கு ஏன் ஏழு நாள், எட்டாக இருந்தால் ஒரு லீவு சேர்த்துக் கிடைக்காதா என்று அயர்ன் பண்ணுகிற பெண் கேட்கிறாள். ஒரே மிஷினில் உட்கார்ந்து ஒரே சட்டையைத் தைத்தால் ஆணுக்கு டெய்லர் என்றும் பெண்ணுக்கு ஹெல்ப்பர் என்றும் ஏன் பேர் என்று காஜா அக்கா கேட்கிறார். இதைக் கேட்டதும் மாஸ்டர் இருமினார், நீ இதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். கொஞ்சம் நிதானமாகப் பேசு, அந்த அக்காவுக்கு ஒரு காதுதான். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டர் போடுகிறவர்கள் உங்கள் பக்கமும் இருப்பார்கள், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் அப்பன் மனசு, சொல்லிவைக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நீண்டநாள் வாழ்ந்து, உன் குரல் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச்சேர அப்பாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னை எண்ணி நிமிர்ந்து நடக்கிற
அப்பா

அம்மா எழுதறது: இந்தக் கடுதாசி எழுத உங்கப்பாவுக்கு நாலு நாள் ஆச்சு கண்ணு, எனக்குக் காட்டவே மாட்டேன்னுட்டார், தூங்கும்போது எடுத்துப் படிச்சேன். இப்ப உன் பழசையெல்லாம் முதல்லேர்ந்து வரிசையா கேக்கறார், நாப்பத்தேழு முடிஞ்சிருக்கு. நடுவுல சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா, 'இரு, அவ பேசிட்டிருக்கா'ங்கறார்.