வெளிக்குழாயை மூடிவிட்டேன்

அன்பு மகள் மதிவதனிக்கு, அம்மா காந்திமதி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி இளம்பரிதியும் இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. கொரியாவில் படிக்கும் நீயாவது நலமாக இரு. போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் என் கோபம் போய்விடும், அதனால்தான் கடிதம். இளம்பரிதி இதைப் போட்டோ எடுத்து அனுப்புவான்.

போன சித்திரையில் வந்தபோது வேர்க்கடலை ஓடு வேண்டும் என்றாய். வாலாஜாபாத் கடலை மில்லில் ஒரு மூட்டை கேட்டு வாங்கி, கல் மண் பொறுக்கிக் கொடுத்தவள் நான். அதைக் காய்ச்சி ஒரு மருந்து செய்வேன், ஊதா டார்ச் அடித்தால் நீலமாக மின்னும், தண்ணீரில் ஈயம் கலந்திருந்தால் மங்கிவிடும் என்றாய். தெருவெல்லாம் பெருமை பேசினேன். ஒரகடம் கம்பெனிகள் பக்கத்து ஏரித் தண்ணீரோடு ஒப்பிட நல்ல தண்ணீர் வேண்டும் என்று நம் வீட்டு போர் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப்போனாய். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்த இளம்பரிதி உன் ஆராய்ச்சிக் கட்டுரையைப் போனில் படித்தான். அக்கா பேரு வந்துகீதும்மா என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவன் பாதியில் நின்றுவிட்டான். நம்ப வூட்டுத் தண்ணிலதாம்மா ஈயம் கீது, ஏரித் தண்ணியவிட ஜாஸ்தி, அக்கா மூணு வாட்டி பாத்துக்கீது, ஆடி மாசமே பாத்துக்கீது என்றான். இப்போது மாசி. ஏழு மாதம்டி!

முதலில் மருந்துதான் தப்பு என்று நினைத்திருப்பாய், சரி. மூன்றாம் தடவைக்கு அப்புறமாவது வாயைத் திறக்க வேண்டாமா? கட்டுரை வரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று உங்கள் சார் சொன்னாராம், தம்பி அப்புறம் போன் செய்து கேட்டதற்குச் சொன்னாயாம். நான் வெளியாளா? வாரம் தவறாமல், தண்ணி நிறைய குடிம்மா என்றாயே, எந்த வாயால் சொன்னாய்?

தண்ணீர் இனிக்கிற வீடு தெருவுக்கு ஒரு குழாய் விடும், அது இந்த ஊர் வழக்கம். உன் அப்பா போட்ட அந்தக் குழாயில்தான் பக்கத்து வீட்டு சசிரேகா தினம் நாலு குடம் பிடிக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பம். இன்று குழாயை மூடி, விஷயத்தைச் சொல்லி, ரத்தம் சோதிக்க அனுப்பினேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. மதி அக்காவுக்கு இது எப்பத் தெரியும் அத்தை என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இப்பத்தான்மா தெரிஞ்சுது என்றேன். உனக்காகப் பொய் சொன்னேன்டி. வயிற்றுப் பிள்ளைக்காரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

படிப்பு நல்லபடியாக முடியட்டும், நூறு வயசு இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. சசிரேகா நம்பரைத் தம்பி இதோடு அனுப்புவான். முதலில் அவளிடம் நிஜத்தைச் சொல். அதற்கப்புறம் எனக்குப் போன் செய், எடுப்பேன்.

கோபம் தீராத உன் அம்மா,
காந்திமதி
பிள்ளைப்பாக்கம்