தோலில் படாத கோல்

ஜனவரி 6, செவ்வாய்
எல்லை தாண்டி கஞ்சிக்கோட்டில் கம்பெனி விட்டதும் நேராகப் போய் சுஷ்மாவின் பெண்கள் செண்டை மேளக் குழுவில் சேர்ந்துவிட்டேன். முப்பத்தாறு வயதில் இது தேவையா? தேவைதான். போன வருஷம் பூரத் திருவிழாவில் அவர்கள் அடித்ததிலிருந்து என் கை சும்மா இருப்பதில்லை. வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியாயிற்று.

ஜனவரி 19, திங்கள்
செண்டை எங்கே தருகிறார்கள்? அடித்துப் பழகக் கருங்கல்லும் புளியங்கொம்பும்தான். மணிக்கட்டு வீங்கி, சோறு பிசைய முடியவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு
முதல் திருவிழா. தோளில் செண்டையை மாட்டிவிட்டு சுஷ்மா காதோடு சொன்னாள்: "சேச்சி, கடைசி வரிசைல நில்லுங்க. ஆடுங்க, கோல வீசுங்க. தோல்ல மட்டும் பட்றாதீங்க, தாளம் கெட்டுரும்." கோயிலில் கூலி பேசியது பதினைந்து பேருக்கு. ஆள் கணக்குக்கு நான்! சாயங்காலம் முழுக்கக் காற்றை அடித்தேன். கூட்டத்தில் ஒரு அம்மா கையைப் பிடித்து, "அருமையா அடிச்சீங்க கண்ணு" என்றார். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மார்ச் 8, ஞாயிறு
இன்றைய திருவிழாவில் என்னையும் அடிக்கச் சொன்னாள் சுஷ்மா. அடித்தேன்! ஓர் அடி பிசகவில்லை. என் சத்தம் எனக்கே தனியாகக் கேட்டது. சுஷ்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மார்ச் 10, செவ்வாய்
யாரோ எடுத்த வீடியோ வீட்டுக்காரர் போனுக்கு வந்துவிட்டது. இவர் போனில் கத்தியதும் பயந்து வீடு திரும்பினால், பங்காளிகள் எல்லாரும் கூடத்தில். எனக்காகப் பேசக் கூடவே வந்த சுஷ்மா வாசலிலேயே நின்றாள். மாமியார் ஒரே அழுகை: "கொட்டடிக்கறவங்களுக்கு நாம கூலி குடுத்துத்தானுங்க பழக்கம். நம்மூட்டு மருமகளே கோலெடுத்துட்டாளே! எம் பேரனுக்கு நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"அடிச்சியா, இல்லியா? அதச் சொல்லு" என்றார் இவர்.

"இல்லீங்க. சும்மா ஆளுக்கு நின்னேனுங்க. கோலு தோல்ல படவே இல்லீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். "அட, டம்மியா!" மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி வைக்கப் போனார். சுஷ்மா வாசலிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

ஏன் சொன்னேன்? பயம். வேறென்ன எழவு.

மார்ச் 29, ஞாயிறு
"நிக்கறதுக்கே காசு தர்றாங்கன்னா போயிட்டு வா. கோலு மட்டும் படக்கூடாது." இவரே பைக்கில் கொண்டுவந்து விட்டு, ஓரமாக நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசை. எந்த அடி எங்கே விழவேண்டும் என்று கைக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தோலுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தினேன். சுஷ்மா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.