ஈயம் இல்லாத வில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் படுத்துகிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. என்னைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது விடிவதில்லை.

நீ வேலை பார்த்த பவுடர் அறையைப் பூட்டிவிட்டார்கள், அக்கா. பூட்டை நானே தொட்டுப் பார்த்தேன்.

நம் தொழிற்சாலையில் ஈயப் பவுடரை அழுத்திச் சுடும் வில்லைகள் மின்சாரம் பாய்ந்ததும் நீளும், அந்த அசைவில்தான் வால்வு திறக்கும் என்று நீதான் எனக்கு முதலில் சொன்னாய். ஈயம் இல்லாமல் அப்படி நீளாது என்று சொல்லித்தானே உங்களை எல்லாம் அந்தத் தூசியில் நிற்க வைத்தார்கள்? மாடி ஆய்வுக்கூடத்தில் பிஸ்மத்தையும் சோடியத்தையும் டைட்டானியத்தையும் வைத்து நான் இத்தனை வருஷம் மல்லுக்கட்டியும் பெயருக்குத்தான் நீண்டது. இந்த முறை துளி நியோபியம் சேர்த்துச் சுட்டேன். நீட்சியைக் காட்டும் திரையில் கோடு துள்ளி எழுந்தது. ஒயர் கழன்றுவிட்டதோ என்றுதான் நினைத்தேன். புதிதாகச் சுட்டு மறுபடி அளந்தேன். ஒரு தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது அந்த நீட்சி. ஆனாலும் பழைய வில்லையை மிஞ்சிவிட்டது.

மேனேஜர் வந்து பார்த்தார். "நீளுது, சரிம்மா. ஆனா ரெண்டு மடங்கு வோல்ட் கேக்குதே, மிஷினை எல்லாம் யாரு மாத்துறது?" என்றார். பாதிக் கனத்தில் செய்து இரண்டிரண்டாக அடுக்கினால் பழைய வோல்ட்டே போதும் என்றேன். செலவாகும் என்று இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்க அக்காவை ஆஸ்பத்திரிக்கு உங்க கார்லதான் கூட்டிட்டுப் போனீங்க. ரத்தத்துல ஈயம்னு டாக்டர் சொன்னப்போ நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க" என்றேன். வில்லையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை போயிற்று என்று பையைக்கூட எடுத்து வைத்தேன். அடுத்த வாரம் அறைக்குப் பூட்டு விழுந்தது.

முழுச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பெரிய வால்வுகளுக்குப் பழைய ஈய வில்லைகளை இப்போது வெளியிலிருந்து வாங்குகிறார்கள். எங்கோ யாரோ ஒருத்தி அந்தத் தூசியில் நிற்கிறாள்.

இன்னொன்று. முதல் வரியிலேயே எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. எனக்கு இது ஐந்தாம் மாதம். ஈயம் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். உன்னிடம் இப்போது சொல்லாதே என்றாள் அம்மா. வேறு யாரோ சொல்லி நீ கேட்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பிரசவ நேரத்தில் நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. மனசு வராவிட்டால் வராதே, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் பெயர் மட்டும் நீதான் வைக்க வேண்டும், அக்கா. நீ அப்போது எடுத்து வைத்திருந்த பெயரைக் கேட்கவில்லை. அது தங்காமல் போன உன் குழந்தைக்கு உரியது. வேறு ஒன்று யோசித்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
வாலு