முடிந்துபோனதை ஏன் கிளறினார்கள், அண்ணா?

கோபம் தணியாமலேயே எழுதுகிறேன், என் பிரியமான சாமு அண்ணா,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அண்ணி மறுபடியும் பட்டுக்கடை வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். உன் மகள் கிரேஸ் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். உன் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு நம் சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார். அவர் வந்த காரணத்தைக் கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த வருஷ எழுப்புதல் கூட்டத்துல சாமுவேல் சாட்சிய அவன் சம்சாரம் சொல்லட்டும்மா. மேடையில அவன் போட்டோவ பெருசா வச்சிடலாம். ஜனங்க எதிர்பார்ப்பாங்க" என்றார்.

செத்த பிறகும் விடமாட்டார்களா, அண்ணா?

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் ஒரே ஒரு முறை நானே சொல்லிவிடுகிறேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் நீ லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாய். ஒரு மத்தியானம் குடித்துவிட்டுக் கண்ணமங்கலத்திலிருந்து ஆரணிக்குத் திரும்பும்போது, எதிரே சைக்கிளில் வந்த நெசவாளி ஏகாம்பரத்தை மோதிவிட்டாய். வேலூர் ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள். தறியில் நாடா தள்ளிய கை அது. நீ சிறைக்குப் போனாய். அதை நான் மூடி மறைக்கவில்லை. தப்பு தப்புதான்.

பேருக்குக் கிறிஸ்தவனாக இருந்த நீ, அந்தச் சிறையில்தான் முதல் தடவையாக உண்மையாக முழங்கால் போட்டாய். வெளியே வந்ததும் நம் வீட்டுக்குக்கூட வராமல் நேராக ஏகாம்பரம் வீட்டுக்குப் போனாய். அவர் மனைவி வள்ளியம்மா, "எந்த மூஞ்ச வச்சிகினு வந்த? அப்பால போடா!" என்று கதவைச் சாத்தினார். அடுத்த வாரமும் போனாய். அதற்கடுத்த வாரமும். ஒரு வருஷம் வாசலோடு திரும்பி வந்தாய். "எதுக்குடா போய் அசிங்கப்படற?" என்று அம்மா அழுதபோது, "சாமி மன்னிச்சிட்டாரும்மா. ஆனா கை போனது அவருக்கு இல்லியே" என்றாய்.

கணவர் விட்ட தறியில் வள்ளியம்மா உட்காரப் பழகியிருந்தார். ஒருநாள் காலையில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்ட ஆள் போதவில்லை. மழை வேறு மிரட்டியது. அவர் உன்னைத் திரும்பிப் பார்த்து, "நின்னுகினே இருக்கிறியே, இந்த முனைய வந்து புடி" என்று அதட்டினாராம். ஓடிப் போய்ப் பிடித்தாய். அன்றிலிருந்து சாயப்பட்டறை வேலைக்குப் போவதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு நடை. இரண்டு கை வேண்டிய வேலை எதுவானாலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். சில வருஷம் கழித்து ஏகாம்பரமே உன்னிடம் சொன்னார்: "டேய், இனிமே எங்கிட்ட மன்னிப்பு கேக்காத. கேட்டு கேட்டு எனக்கு பேஜாராவுது. அது முடிஞ்சிபோச்சி."

அன்று வீட்டுக்கு வந்து நீ மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கை இழந்தவர் முடிந்தது என்றார். கர்த்தர் எப்போதோ முடித்துவிட்டார். சபைக்கு மட்டும் ஏன் முடியவில்லை? ஒவ்வொரு வருஷமும் எழுப்புதல் கூட்டத்தில், சாட்சி என்ற பேரில் உன் பழைய பாவத்தைச் சொல்லவைக்க உன்னை மேடை ஏற்றினார்கள். சுருக்கமாகச் சொன்னால் விடமாட்டார்கள். "எவ்ளோ குடிச்சிருந்த, ரத்தம் எப்பிடி ஓடுச்சி, எல்லாத்தயும் சொல்லு பிரதர்" என்று பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பார்கள். கிரேஸ் எட்டாவது படிக்கும்போது அவள் பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே போஸ்டர் ஒட்டினார்கள்: "குடிவெறியில் கையைப் பறித்தவன், இன்று கர்த்தரின் கையில்!" கீழே உன் போட்டோ. அவள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதே வருஷம் நீ, சபைப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லித்தருகிறேன் என்று கேட்டாய். "பெத்தவங்க ஒத்துக்கமாட்டாங்க பிரதர்" என்றார் மூப்பர். பாவத்தைச் சொல்ல மேடை உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட இடமில்லை. இது என்ன மன்னிப்பு?

உன்மேலும் எனக்குக் கோபம்தான். நீ ஏன் போனாய்? "போகலன்னா பெருமன்னு சொல்லுவாங்க எஸ்தரு" என்று தலையைக் குனிந்துகொண்டாயே. கர்த்தர் இறக்கி வைத்த சுமையை இவர்கள் ஏற்றிவிட்டபோது, வேண்டாம் என்று சொல்வது பெருமையா?

உன் அடக்கத்தன்று நடந்தது உனக்குத் தெரியாது. பெட்டிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூப்பர் ஜெபத்தை ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்த மனுஷன் ஒரு காலத்துல குடிகாரன், ஒரு குடும்பத்தோட பொழப்ப கெடுத்தவன்..." கிரேஸ் என் தோளில் முகத்தைப் புதைத்தாள். அப்போது பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஏகாம்பரம் எழுந்து முன்னால் வந்தார்.

"நிறுத்துங்க சார். நீங்க சொல்ற கை என்னுது. எனக்கும் அவனுக்கும் அது முடிஞ்சி எட்டு வருஷமாவுது. உங்க சாமி மன்னிச்சிட்டார்னு நீங்கதான சொல்றீங்க? அப்புறம் இன்னாத்துக்கு அத தூக்கிகினு அலையறீங்க? அவன் பொண்ணு இங்க நிக்குது, பாருங்க. ஜல்தி அடக்கம் பண்ணுங்க."

போதகர் மூப்பரிடமிருந்து மைக்கை வாங்கி ஜெபத்தை முடித்தார். உன் குழியில் முதல் பிடி மண்ணை ஏகாம்பரம் இடது கையால் போட்டார்.

அதையெல்லாம் பார்த்த மனிதர்தான் போன ஞாயிற்றுக்கிழமை உன் போட்டோ கேட்டு வந்தார். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, "தரமாட்டோங்க. எங்க அண்ணன் கத முடிஞ்சிபோச்சி. வேற கத வேணும்னா உங்க கதய சொல்லுங்க, நாங்க வந்து கேக்கறோம்" என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அவர் போன பிறகு அண்ணி மெல்லக் கேட்டார். "அவர மட்டும் சொல்றியே எஸ்தர், நாம இன்னா செஞ்சோம்?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. என் மகளை உன் சைக்கிளில் பள்ளிக்கூடம் அனுப்பும் முன், ஒருநாள் நான் உன் கிட்டே வந்து வாயை முகர்ந்து பார்த்தேன். குடியை விட்டுப் பத்து வருஷம் ஆன உன் வாயை. நீ கோபப்படவில்லை. "ஊதிக் காட்டட்டுமா?" என்று சிரித்துவிட்டு, ஊதியும் காட்டினாய். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேயில்லை. மூப்பரிடம் மைக் இருந்தது, என்னிடம் இல்லை. வேறு என்ன வித்தியாசம், அண்ணா?

இன்று காலை கோயிலுக்குத் தனியாகப் போய் முழங்கால் போட்டு அதைச் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். எழுந்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது. உன்னை எத்தனை வருஷம் அந்த லேசோடு நடக்கவிடாமல் செய்தோம் என்று நினைத்ததும்தான் அழுகை வந்தது.

இனி மூப்பரை நான் மன்னிக்க வேண்டும். நீயாக இருந்தால் அன்றைக்கே செய்திருப்பாய். எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அவர் செய்ததை அதற்குப் பிறகு என் வாயால் எங்கேயும் எடுக்கமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்